நடுவர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்: புதிய நடுவர்களின் முதல் இரண்டு சீசன்களைப் பாருங்கள்

கால்பந்துச் சங்கங்களின் நடுவர் குழுவினருக்கு, வணக்கம்.

சீசன் தொடங்கும்போது ஸ்டாப்வாட்ச்சோடு டிராக்கில் நிற்கிறீர்கள். சர்வதேச ஆண் நடுவர்களுக்கான பிஃபா சோதனை உங்களுக்கு மனப்பாடம்: 40 மீட்டரை 6 விநாடிக்குள், ஆறு முறை. பிறகு 75 மீட்டர் ஓட்டம் 15 விநாடி, 25 மீட்டர் நடை 18 விநாடி, இப்படி 40 முறை, மொத்தம் 4 கிலோமீட்டர். வேண்டிய சோதனைதான். ஆனால் தேதியைக் கடைசி நேரத்தில் சொல்கிறீர்கள். இரண்டு வாரத்தில் அவசரமாக ஸ்பிரிண்ட் பழகுகிறவருக்குத் தொடையின் பின்தசை பிடித்துக்கொள்வதில் என்ன வியப்பு? எட்டு வாரம் முன்பே அறிவியுங்கள்.

கால்களின் வேகத்தை அளந்தாயிற்று. கண் எங்கே நிற்க வேண்டும் என்பதை யார் சொல்லித்தருவது? புதியவர்களின் பிழைகளில் பல, விதி தெரியாமல் வருவதில்லை. நின்ற இடத்தால் வருகின்றன. பந்துக்கு நேர் பின்னால் ஓடினால் தெரிவது தடுப்பாட்டக்காரரின் முதுகு மட்டுமே. சற்று விலகி, பக்கவாட்டுக் கோணத்தில், 10 முதல் 15 மீட்டரில் நின்றால்தான் இரண்டு ஆட்டக்காரர்களுக்கு இடையிலான இடைவெளி தெரியும். கால் முதலில் பட்டது பந்திலா கணுக்காலிலா என்பதும் அப்போதுதான் பிடிபடும். விஏஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) இல்லாத மைதானத்தில், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் முடிவை மாற்ற, ஆட்ட விதிகளில் நடுவரைப் பற்றிய விதி 5 இடம் தராது. துணை நடுவர் இல்லாமல் ஒருவரைத் தனியாக அனுப்பினால் ஆஃப்சைடு வெறும் ஊகம்தான். கிளப்காரர் ஒருவர் கொடி பிடித்தாலும், பந்து கோட்டைத் தாண்டியதை மட்டும் அவர் காட்டட்டும்.

பதவி உயர்வு நெருங்கும்போதுதான் நடுவரின் பணியைப் பார்த்து மதிப்பெண் போடும் மதிப்பீட்டாளர் வருகிறார். இது தலைகீழ். புதியவரின் முதல் பத்து ஆட்டங்களில் நான்குக்காவது வரட்டும். ஆட்டம் முடிந்த அன்றே, திருத்திக்கொள்ள வேண்டிய இரண்டு விஷயங்களை மட்டும் சொல்லட்டும். மூன்று வாரம் கழித்து வரும் மதிப்பெண்ணை வைத்துக்கொண்டு யாரும் எதையும் கற்பதில்லை. சர்வதேச நடுவருக்கான பிஃபா பேட்ஜுக்கு நடுவரின் குறைந்தபட்ச வயது 25. பதினாறில் விசில் எடுத்தவர் ஒன்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அவர் வெளியேறிவிட்டால் உங்கள் பட்டியலில் யார் மிஞ்சுவார்?

இனி, ஆட்டம் முடிந்ததும் நடுவர் எழுதும் அறிக்கை. "ஆட்டக்காரர் கெட்ட வார்த்தை பேசினார்" என்று எழுதினால் ஒழுங்குக் குழுவில் அது நிற்காது. எத்தனையாவது நிமிடம், எந்த எண் ஜெர்சி, நடுவர் எத்தனை மீட்டர் தள்ளி நின்றார், சொன்ன சொல் அப்படியே என்ன – இந்த நான்கும் வேண்டும். கூச்சப்பட்டுச் சொல்லை நாகரிகமாக மாற்றி எழுதுவதுதான் வழக்கமான தவறு. படிவத்திலேயே தனிக் கட்டங்கள் போட்டுவிடுங்கள். தீர்ப்பு என்னவானது என்பதை எழுதியவருக்கும் தெரிவியுங்கள். இன்று பல நடுவர்கள் அதை அணிக்காரர்கள் வாயால்தான் கேட்கிறார்கள். தீர்ப்பு வரும்வரை அதே அணியின் ஆட்டத்துக்கு அறிக்கை எழுதிய நடுவரை அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
நடுவர் பயிற்சியாளர்கள் சிலர்