மெரிதாவுக்கு இரண்டு நாள் ஒதுக்குங்கள், டீச்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். மகளைப் பார்க்க ஏப்ரலில் மாட்ரிட் செல்லவிருப்பதாகவும், பார்சிலோனாவுக்கும் கிரனாடாவுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். போர்ச்சுகல் எல்லையை ஒட்டிய ஸ்பெயின் மாநிலமான எஸ்திரமதுராவுக்கும் நான்கு நாள் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். ரோமானியச் சாலைகளைக் கரும்பலகையில் வரைந்து எங்களுக்குப் பாடம் நடத்திய நீங்கள், அந்த மண்ணை மிதிக்காமல் ஊர் திரும்பக் கூடாது.

மெரிதாவில் தொடங்குங்கள். போர்ப்பணி முடித்த வீரர்களைக் குடியமர்த்த, கி.மு. 25இல் அகஸ்டஸ் பேரரசர் அமைத்த நகரம் அது. அன்றைய பெயரான 'எமெரிதா' என்பதே பணி நிறைவு செய்தவர்களைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. குவாதியானா ஆற்றின் மீது ஏறத்தாழ 790 மீட்டர் நீளும் ரோமானியப் பாலத்தில் இன்றும் ஊர்மக்கள் மாலை நடை போகிறார்கள். அங்குள்ள அரங்கம் பல நூற்றாண்டுகள் மண்மூடிக் கிடந்தது. மேல்வரிசை இருக்கைகளின் ஏழு துண்டுகள் மட்டும் வெளியே தெரிந்ததால், அந்த இடத்தை 'ஏழு நாற்காலிகள்' என்றே அழைத்திருக்கிறார்கள். 1910இல் அகழாய்வு தொடங்கியது. 1933இல் அதே மேடையில் மீண்டும் நாடகம் நடந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது 'அற்புதங்களின் கால்வாய்' என்று அழைக்கப்படும் நீர்ப்பாலம். கருங்கல் அடுக்குகளுக்கு நடுவே சிவப்புச் செங்கல் வரிகள் ஓட, உடைந்து நிற்கும் தூண்களின் உச்சியில் செங்கால் நாரைகள் சுள்ளிகளை அடுக்கிக் கூடு கட்டியிருக்கின்றன. அவை தலையைப் பின்னுக்குச் சாய்த்து அலகைத் தட்டும் ஓசை கீழே நிற்பவருக்குத் தெளிவாகக் கேட்கும். ரோமானியர் கட்டிய தியானா கோயிலையும் விட்டுவிடாதீர்கள். அதன் தூண்களுக்குள்ளேயே 16ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபு மாளிகை கட்டிக்கொண்டார். கோயிலின் கற்கள் பெயர்த்துச் செல்லப்படாமல் தப்பியதற்கு, அதில் மனிதர்கள் குடியிருந்ததே காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மதில் சூழ்ந்த காசெரெஸ் பழைய நகருக்கு ஒரு பகல் போதும். அல்காந்தராவில் தேகஸ் ஆற்றைக் கடக்கும், ரோமப் பேரரசர் டிராஜன் காலத்துப் பாலத்தைப் பார்க்கக் கார் அமர்த்திக்கொள்வது நல்லது.

திருகியோவில் மட்டும் நிதானமாக நில்லுங்கள். தென் அமெரிக்காவில் பெருவை ஆண்ட இன்கா பேரரசை வென்ற பிரான்சிஸ்கோ பிசாரோ பிறந்த ஊர் அது. சதுக்கத்தில் அவரது குதிரைச் சிலையைச் சுற்றித்தான் கூட்டம் நிற்கும். நீங்கள் சதுக்கத்தின் மூலையிலுள்ள 'வெற்றி மாளிகை'யின் மூலைமாடத்தை அண்ணாந்து பாருங்கள். பிசாரோவின் தம்பி எர்னாந்தோ கட்டிய அந்த மாளிகையில், பிசாரோவின் உருவத்தோடு, அவருக்கு மகள் பெற்றுக்கொடுத்த இன்கா இளவரசி இனேஸ் யுபாங்கியின் முகமும் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்த மகள் பிரான்சிஸ்காவைத்தான் எர்னாந்தோ மணந்தார். பேரரசு ஒன்று வீழ்ந்த கதையை ஒரே சுவரில் அப்படிப் பக்கத்தில் நின்று பார்த்தபோது, எனக்கு உங்கள் வகுப்பு நினைவுக்கு வந்தது. நீங்கள் அங்கே நின்று என்ன நினைத்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவி