திண்டுக்கல் பஸ்ஸில் வந்த அக்காவுக்கு

போன வியாழக்கிழமை மதுரையிலிருந்து வரும் வழியில், பஸ்ஸிலேயே என் தம்பிக்கு வலிப்பு வந்துவிட்டது. ஆளாளுக்குச் சாவிக்கொத்தை நீட்டுகிறார்கள், பத்து வருஷமாகப் பார்க்கிற எனக்கே கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீங்கள்தான் அக்கா, யாரும் கூப்பிடாமலே எழுந்து வந்து, அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாட்சைப் பார்த்துக்கொண்டே "இரும்பெல்லாம் வேண்டாம், அஞ்சு நிமிஷம் தாண்டினா 108-க்குப் போடுங்க" என்றீர்கள். ரெண்டு நிமிஷத்தில் நின்றது. அப்புறம் அவன் பேன்ட் நனைந்திருந்ததை யாரும் பார்ப்பதற்குள் பையிலிருந்து துண்டை எடுத்து மடியில் போர்த்தினீர்களே, அதைத்தான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறான். வலிப்பைவிட, விழித்ததும் சுற்றி நிற்கிற முகங்கள்தான் அவனுக்குப் பயம், கல்யாண வீட்டுக்குக்கூட வரமாட்டான். பேர் கேட்பதற்குள் வாடிப்பட்டியில் இறங்கிவிட்டீர்கள். ரொம்ப நன்றி அக்கா. துண்டைத் துவைத்து வைத்திருக்கிறேன், பச்சையில் மஞ்சள் கரை போட்டது.