இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் வரும் லாரி முதலாளிகளுக்கு

சிங்கப்பூரில் பழைய லாரி வைத்து ஓட்டும் குத்தகைக்கார முதலாளிமார்களுக்கு,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் என் நம்பர் போனில் இருக்கும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல், "அண்ணே, வண்டி கொஞ்சம் புகையுது, நாளைக்குக் காலையில இன்ஸ்பெக்‌ஷன், பார்த்து விடுங்க" என்று கூப்பிடுவீர்களே, அந்த ஆள் நான்தான்.

"பார்த்து விடுங்க" என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாய்விட்டு யாரும் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன். பல வருஷம் அதைச் செய்தவன் நான்தானே.

டீசல் பம்பின் பின்பக்கம் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தால் அதிகபட்சம் எவ்வளவு டீசல் போகலாம் என்று கட்டிப்போடுகிற ஸ்க்ரூ. யாரும் தொடக்கூடாது என்றுதான் கம்பெனியில் கம்பி கட்டி ஈய முத்திரை வைத்து அனுப்புகிறார்கள். சிங்கப்பூருக்கு வந்த நாளிலிருந்து முத்திரை உடையாத பம்ப் ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த ஸ்க்ரூவை அரைச் சுற்று வெளியே எடுத்தால் டீசல் குறையும். மறுநாள் ரோலர் மேல் வண்டியை ஏற்றி, சுமை கொடுத்து, புகையை அளக்கும்போது அடக்கமாக வரும். பாஸ். மத்தியானமே வண்டி திரும்பி வந்து நிற்கும். "இழுவையே இல்லண்ணே." சரி, அரைச் சுற்று உள்ளே. பத்து வருஷம் தாண்டிய சரக்கு வண்டிக்கு ஆறு மாதத்துக்கு ஒரு இன்ஸ்பெக்‌ஷன். அதனால் வருஷத்துக்கு நான்கு முறை அந்த ஸ்க்ரூவுக்கும் எனக்கும் சந்திப்பு.

இப்போது ஸ்க்ரூ உள்ள லாரிகள் குறைந்துவிட்டன. இங்கே சரக்கு வண்டிக்கு ஆயுள் 20 வருஷம். 2006 அக்டோபர் 1 முதல் புது டீசல் வண்டிகளுக்கு யூரோ 4 என்ற புகை விதி கட்டாயமானது. அதற்குப் பிறகு வந்தவற்றில் என் கைக்கு வந்தவை எல்லாம் காமன் ரெயில்தான், அதாவது எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒரு குழாயில் டீசலை அழுத்தித் தேக்கி, கம்ப்யூட்டர் சொல்கிறபடி பீச்சும் ஏற்பாடு. முந்தினவற்றுக்கு 2026ல் கணக்கு முடிகிறது. ஆனால் ஸ்க்ரூ போனால் என்ன, பெட்டி வந்துவிட்டது. தீப்பெட்டி இரண்டை அடுக்கி வைத்த அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. ரெயில் பிரஷர் சென்சாருக்கும் இன்ஜின் கம்ப்யூட்டருக்கும் நடுவில் செருகுவது. உள்ளே இருக்கும் பிரஷரைக் குறைத்துக் காட்டிப் பொய் சொல்வதுதான் அதன் வேலை. கம்ப்யூட்டர் அதை நம்பிப் பிரஷரை ஏற்றும், டீசல் அதிகம் போகும், வண்டி துள்ளும். இன்ஸ்பெக்‌ஷனுக்கு முதல் நாள் அதைக் கழற்றி டேஷ்போர்டில் போட்டுவிட்டு, வந்ததும் திரும்பச் செருகச் சொல்கிறீர்கள். பழைய வேலைதான், ஸ்பேனர் மட்டும் மாறியிருக்கிறது.

நான் பம்ப் வேலை படித்தது நாமக்கல்லில். அங்கே டீசல் பம்ப் என்றாலே மைக்கோதான், வேறு கம்பெனி பம்பையும் மைக்கோ என்றுதான் கூப்பிடுவார்கள். என் குரு, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டரை டெஸ்டரில் மாட்டிக் கைப்பிடியை அழுத்தும்போது கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பார். பழைய மெக்கானிக்கல் இன்ஜெக்டர் சுமார் 200 பார் அழுத்தத்தில் திறக்கும். அதன் நுனியில் துளைகள் உள்ள பாகம்தான் நாசில். நல்ல நாசில் திறக்கும்போது "கிர்ர்" என்று ஒரு சத்தம், அப்புறம் மார்கழிப் பனி மாதிரி ஒரு மூட்டம். கெட்ட நாசில் சத்தமே போடாது. சொம்புத் தண்ணீரை வாசலில் விசிறுகிற மாதிரி ஒரு பக்கமாக ஊற்றிவிட்டு, நுனியில் ஒரு சொட்டைத் தொங்கவிடும். அந்தச் சொட்டுதான் உங்கள் கறுப்புப் புகை. பனியாகப் போகவேண்டிய டீசல் சொட்டாகப் போனால் எரிந்து முடிக்க நேரம் இருக்காது, கரியாக வெளியே வரும்.

இதைச் சொன்னால் உங்களில் சிலர் உடனே, "அப்போ பெரிய நாசில் போட்டுடலாமா?" என்கிறீர்கள். ஓட்டை பெரிதானால் வண்டி பலசாலி ஆகிவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருக்கிறீர்கள். பாதி உண்மை. வீட்டில் விறகடுப்பு எரித்தவர்களைக் கேளுங்கள். ஊதாங்குழலைத் தொடாமல் விறகை மட்டும் திணித்தால் சோறு வேகாது, கண்தான் எரியும். டீசல் இன்ஜினில் காற்றைக் கட்டுப்படுத்தும் கதவு கிடையாது. அது இழுக்க முடிந்த காற்றை எல்லாம் இழுத்துக்கொள்ளும், நாம் கூட்டிக் குறைப்பது டீசலை மட்டும்தான். காற்று அதே அளவில் இருக்க டீசலைக் கூட்டினால், ஒரு எல்லை வரை சக்தி, அதற்கு மேல் புகையும் சூடும். நாசிலின் துளைகள் பீச்சும் கோணம் பிஸ்டன் தலையில் இருக்கும் குழிக்கு ஏற்றபடி செய்தது. வேறு இன்ஜினின் நாசிலைப் போட்டால் டீசல் குழிக்குள் விழாமல் சிலிண்டர் சுவரில் அடித்து, அங்கே இருக்கும் எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். இன்ஜின் ஆயில் அளவு குறையாமல் கூடிக்கொண்டே போகிறது என்று சந்தோஷப்பட்ட ஒரு முதலாளியை எனக்குத் தெரியும். மூன்று மாதத்தில் பேரிங் போய்விட்டது.

ஒரு தம்பி, அப்பாவிடமிருந்து போன வருஷம்தான் தொழிலை எடுத்தவர், "இன்ஜெக்டரோட கார்புரேட்டரையும் சேர்த்து அப்கிரேட் பண்ணிடுங்க" என்றார். சிரிக்கவில்லை, காப்பி வாங்கிக் கொடுத்து உட்காரவைத்துச் சொன்னேன். டீசல் இன்ஜினில் கார்புரேட்டர் கிடையாது, எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. அது பெட்ரோல் இன்ஜினுக்கு. அந்தக் காலத்துப் பெட்ஃபோர்ட் பெட்ரோல் லாரிகளில் இருந்தது. குறுகின கழுத்து வழியாகக் காற்று வேகமாகப் போகும்போது அதுவே ஜெட் என்கிற சின்னத் துளை வழியாகப் பெட்ரோலை உறிஞ்சிக்கொள்ளும். பெட்ரோல் ஒரு பங்கு என்றால் காற்று எடையில் 14.7 பங்கு, அந்தக் கணக்கை ஜெட்டின் அளவு காப்பாற்றும். அதிலும் இதே ஆசை உண்டு. ஜெட்டைப் பெரிதாகப் போட்டுவிட்டு, பிளக் எல்லாம் கரி பிடித்து நின்ற வண்டிகளை என் குரு நிறையப் பார்த்திருக்கிறார். பழைய வண்டியை ஆசைக்கு வைத்திருப்பவர்கள் இன்னும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டுமானால் ஒரு நாள் தனியாக எழுதுகிறேன். அது சுகமான வேலை, நகத்தில் மட்டும் பெட்ரோல் வாசனை போகாது.

காமன் ரெயிலுக்கு வருகிறேன், இங்கேதான் உங்கள் பணம் அதிகமாக வீணாகிறது. 1995ல் ஜப்பானின் டென்சோ கம்பெனி ஹினோ லாரிக்குக் கொடுத்து முதன்முதலில் ரோட்டுக்கு வந்த ஏற்பாடு இது. பழைய இன்ஜெக்டர் 200 பாரில் திறந்தது என்றேன், இதில் 1,600 பார், 1,800 பார் என்று போகிறது. உங்கள் லாரி டயரில் இருப்பது 7 பார் அளவு. அந்தப் பிரஷரில் ஊசிக்கும் அதன் கூட்டுக்கும் இடையே ஒருசில மைக்ரான் இடைவெளிதான். ஒரு தலைமுடியின் தடிமனே அதைப்போல் பல மடங்கு. டீசல் டிரம்மில் ஒரு கை தண்ணீர் இறங்கினால் போதும், உள்ளே துருவும் கீறலும். சைட்டில் திறந்து கிடக்கும் டிரம்மிலிருந்து ஊற்றுகிறீர்கள், தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரை யாரும் வடிப்பதில்லை. இந்த ஊர் மழைக்கு அது போதாதா?

அப்புறம் நான்கு இன்ஜெக்டரில் ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும், அதுவும் மலிவாக எங்கிருந்தோ வந்ததை, போடச் சொல்கிறீர்கள். ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு பொறித்திருக்கும். இந்த இன்ஜெக்டர் எவ்வளவு பீச்சும், எங்கே கொஞ்சம் பிசகும் என்பதை அளந்து எழுதிய ஜாதகம் அது. அதை இன்ஜின் கம்ப்யூட்டரில் ஏற்றினால்தான் பொருத்தம் பார்த்து டீசல் கொடுக்கும். மலிவுச் சரக்கில் அந்தக் குறியீடு பேருக்கு இருக்கும், சில சமயம் நான்கிலும் ஒரே குறியீடு! ஐடிலில் வண்டி நடுங்கும், ஒரு சிலிண்டர் மட்டும் கறுப்பாகப் புகையும். புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் உள்ள வண்டி என்றால் அதுவும் அடைத்துக்கொள்ளும். உடனே அதைக் குடைந்து வெறும் ஓடாக்கித் தரச் சொல்வீர்கள். அதைச் செய்யமாட்டேன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன், இப்போதும் அதே பதில்.

எதற்காக இவ்வளவு பாடு? சைட்டுக்குப் பத்து நிமிஷம் முன்னால் போகவா? 3,501 கிலோ முதல் 12,000 கிலோ வரையுள்ள லாரிகளுக்கும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியைக் கட்டாயமாக்கிவருகிறார்கள், மணிக்கு 60 கிலோமீட்டரோடு நின்றுவிடும். நீங்கள் வாங்கிய கூடுதல் இழுவை மேம்பாலம் ஏறும் அரை நிமிஷத்துக்கு உதவும். அந்த அரை நிமிஷத்தில் வண்டிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாடியில் பாருங்கள்.

இல்லை, கண்ணாடியில் தெரியாது. அதைப் பார்க்க வேண்டுமென்றால் பின்னால் உட்கார வேண்டும். நான் உட்கார்ந்திருக்கிறேன். வொர்க் பெர்மிட்டில் வந்த முதல் மூன்று வருஷம் துவாஸ் பக்கத் தங்குவிடுதியிலிருந்து சைட்டுக்கு லாரியின் பின்பக்கத்தில்தான் பயணம். லாரி ஓடும்போது பின்னால் ஒரு வெற்றிடம் உண்டாகி, கீழே குழாயிலிருந்து வரும் புகையைச் சுருட்டி மேலே இழுக்கும். கூரை போட்டிருந்தால் மழைக்கு நல்லது, புகைக்கு அது ஒரு மூடி. கல்லாங்-பாய லேபார் விரைவுச்சாலையில் 9 கிலோமீட்டர் சுரங்கம். உள்ளே நுழைந்ததும் எல்லோரும் துண்டை மூக்கில் கட்டிக்கொள்வோம், யாரும் சொல்லித் தரவில்லை. இரவு தும்மினால் கைக்குட்டையில் கறுப்பு. டீசல் புகை மனிதனுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் உறுதியாக வகைப்படுத்தியதை நான் ரொம்ப நாள் கழித்துத்தான் படித்தேன். படித்த அன்று கணக்குப் போட்டேன், நான் மெக்கானிக் ஆன பிறகு எத்தனை லாரிக்கு ஸ்க்ரூவை உள்ளே திருப்பினேன், ஒவ்வொன்றின் பின்னாலும் எத்தனை பேர் என்று. கணக்கு முடியவில்லை, பாதியில் விட்டுவிட்டேன்.

போன மாதம் ஒரு வண்டிக்கு வழக்கம்போல வேலை முடித்துச் சாவியைக் கொடுத்தேன். பின்னால் ஏறிய பையன் ஒருவன், புதுக்கோட்டைப் பக்கம், ஊரைச் சொன்னான், இருபத்திரண்டு வயது இருக்கும். வண்டி கிளம்பும்போது பழக்கமாகத் துண்டை எடுத்து மூக்கில் கட்டினான். நான் திருப்பின ஸ்க்ரூ, அவன் கட்டின துண்டு. அன்றைக்கே உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன்.

அதனால் இனி முந்தின நாள் வேலை என்னிடம் கிடையாது. ஸ்க்ரூவும் இல்லை, பெட்டியும் இல்லை. அதற்குப் பதில் மூன்று வாரம் முன்னால் வண்டியைக் கொண்டு வாருங்கள். முதலில் இன்ஜெக்டரைத் தொடவே மாட்டேன். ஏர் ஃபில்டர், இன்டர்கூலர் ஹோஸில் வெடிப்பு, டர்போ, டேப்பெட் இடைவெளி, கம்ப்ரஷன், இதையெல்லாம் பார்ப்பேன். புகைகிற வண்டியில் பல சமயம் கோளாறு காற்றுப் பக்கம்தான் இருக்கும், ஐம்பது டாலர் ஹோஸ் ஒன்றுக்காக இன்ஜெக்டர் செட் மாற்றியவர்கள் இருக்கிறீர்கள், பெயர் வேண்டாம். அது சரியாக இருந்தால் நான்கு இன்ஜெக்டரையும் கழற்றி டெஸ்ட் பெஞ்சுக்கு அனுப்புவோம். எவ்வளவு பீச்சுகிறது, எவ்வளவு திரும்பி வழிகிறது என்று அளந்து ஒரு தாள் தருவார்கள். அந்தத் தாளை என்னிடம் கேட்டு வாங்குங்கள். நான் தராவிட்டாலும் சரி, வேறு யார் தராவிட்டாலும் சரி, காசு கொடுக்காதீர்கள். மாற்ற வேண்டியிருந்தால் அந்த இன்ஜினுக்கு என்ன அளவோ அதே அளவு, செட்டாக, அடியில் புது காப்பர் வாஷரோடு, குறியீட்டை ஏற்றி. பழைய இன்ஜினுக்கு இதைவிடப் பெரிய அப்கிரேட் எனக்குத் தெரியவில்லை.

செலவாகும். மறைக்க மாட்டேன். ஆனால் டீசலுக்கு 2017ல் லிட்டருக்குப் 10 காசு வரி வந்தது, 2019ல் அது 20 காசு ஆனது. புகையாகப் போகிற டீசலுக்கும் அந்த 20 காசைக் கட்டிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். பெஞ்சில் அளந்து பார்த்து, இன்ஜின் பக்கமே தேய்ந்துவிட்டது, எத்தனை நாசில் போட்டாலும் அடங்காது என்றால் அதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். வண்டி வைத்திருக்க வாங்கிய உரிமைச் சான்று, அந்த சிஓஇ, இன்னும் நான்கு வருஷம் இருக்கிறதே என்று அப்போது என்னைப் பார்க்காதீர்கள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போன் வந்தால் எடுப்பேன், பேசுவேன். வண்டி எடுக்க மாட்டேன். நாளை காலை இன்ஸ்பெக்‌ஷன் உள்ள ஒருவர் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தேதியைத் தள்ளிப் போட முடியுமா என்று முதலில் பாருங்கள்.

இப்படிக்கு,
காக்கி புக்கிட்டில் ஒரு டீசல் மெக்கானிக்