சிஸ்டர் செய்து வைத்த ஏற்பாட்டைத் திரும்பத் தாருங்கள்: கோரிக்கை மனு

பெறுநர்: பகுதி சுகாதார அதிகாரி அவர்கள், டர்பன், தென்னாப்பிரிக்கா
அனுப்புநர்: சாட்ஸ்வொர்த் பகுதிவாசிகள்

பொருள்: எங்கள் கிளினிக்கில் நர்ஸாகப் பணியாற்றி மறைந்த சிஸ்டரின் இடத்தை நிரப்பவும், முதியோருக்கான காலை ஏற்பாட்டை மறுபடி தொடங்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயத்தை ஆங்கிலத்தில் பலமுறை எழுதிவிட்டோம், கிளினிக்கின் புகார்ப் பெட்டியிலும் போட்டோம், ஒரு வரி பதில் இல்லை. புகார் வந்தால் 25 வேலை நாட்களுக்குள் தீர்த்து வைக்க வேண்டும் என்பது சுகாதாரத் துறையே வைத்திருக்கும் வழிகாட்டுதல். தாங்கள் இந்தப் பக்கத்தில் வளர்ந்தவர், சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்தவர் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அதனால் இந்தத் தடவை தமிழில் எழுதுகிறோம். கீழே இருப்பவர்கள் படித்துவிட்டு ஓரமாக வைக்க முடியாமல், தங்கள் கைக்கே வந்து சேரட்டும்.

1. சிஸ்டரைத் தங்களுக்குத் தெரியும். இரங்கல் கூட்டத்துக்கு வந்திருந்தீர்கள், மாலை போட்டீர்கள்.

2. அவர் என்ன செய்தார் என்று எழுதி வைக்கிறோம், ஏனென்றால் கிளினிக்கில் இப்போது இருப்பவர்களில் பாதிப் பேர் அவரைப் பார்த்ததே இல்லை. சுகர், பிரஷர், வலிப்பு மருந்து வாங்கும் வயதானவர்களுக்கு வாரத்தில் இரண்டு நாள் தனியாக ஒதுக்கினார். அந்த நாட்களில் செக்யூரிட்டியிடம் சொல்லி விடியும் முன்பே கேட்டைத் திறக்க வைத்து, எல்லாரையும் உள்ளே தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார். ஃபைலை முந்தின நாளே எடுத்து அடுக்கி வைத்திருப்பார். இன்சுலின் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் வந்துவிடுபவர்கள் யார் யார் என்று அவருக்கு மனப்பாடம், அவர்களுக்காக மேசை இழுப்பறையில் மேரி பிஸ்கட் பாக்கெட், ஃபிளாஸ்கில் டீ. எல்லாம் சொந்தக் காசு. 2021 ஜூலைக் கலவரத்தில் கடையும் பார்மசியும் அடைத்துக் கிடந்தபோது மருந்து தீர்ந்தவர்களுக்கு வீட்டு வாசலில் கொண்டுவந்து கொடுத்தார். 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு குழாயில் தண்ணீர் வராத நாட்களில், புண்ணுக்குக் கட்டுப் போட வந்தவர்களுக்காகத் தன் வீட்டிலிருந்து கொதிக்க வைத்த தண்ணீர் எடுத்து வந்தார்.

இத்தனையும் வீட்டில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு. மகனுக்கு நடக்க வராது, வலிப்பும் உண்டு. புருஷன் இல்லை. காலை நான்கு மணிக்கு எழுந்து அவனைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, மருந்து கொடுத்து, அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வருவார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர் சாப்பிட்டதை நாங்கள் பார்த்ததில்லை, வீட்டுக்கு ஓடிப்போய் அவனுக்கு ஊட்டிவிட்டு வருவார். அவர் சத்தம் போட்டுப் பேசி ஒருவர்கூடக் கேட்டதில்லை.

3. இப்போது நடப்பதைக் கேளுங்கள் ஐயா. அவர் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் போடவில்லை. தனி நாள் இல்லை, தனி வரிசை இல்லை, கேட் திறப்பது அலுவலக நேரத்துக்குத்தான். நம்பர் கிடைக்க வேண்டுமே என்று வயதானவர்கள் இருட்டிலேயே வந்து வெளியே நிற்கிறார்கள். அந்த ரோடு எப்படிச் சரிந்து இறங்கும் என்று தங்களுக்குத் தெரியும், நடைபாதை கிடையாது, உட்கார ஒரு கல் கிடையாது, மழை வந்தால் ஒதுங்க இடம் கிடையாது. ஜூன், ஜூலையில் ஏழு மணி நெருங்கும்போதுதான் வெளிச்சமே வரும். அந்த இருட்டில் கைப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள், அரசு உதவித்தொகையான கிராண்ட் பணம் எடுத்த வாரத்தில் இன்னும் மோசம். என் வீட்டுக்காரருக்குச் சுகரில் ஒரு கால்விரல் எடுத்தாகிவிட்டது. சென்ற குளிர்காலத்தில் வரிசையை விட்டால் இடம் போய்விடும் என்று சாப்பிடாமல் நின்று, சுகர் இறங்கி, வேர்த்துக் கொட்டி, கை நடுங்கி அந்தக் கேட்டைப் பிடித்தபடியே சரிந்துவிட்டார். பின்னால் நின்ற ஜூலு அம்மா ஒருவர் தன் பையிலிருந்து சர்க்கரை எடுத்து வாயில் போட்டார். உள்ளே இருந்தவர்கள் கேட்டைத் திறக்கவில்லை, நேரம் ஆகவில்லையாம்!

மருந்தைக் கிளினிக்குக்கு வெளியே பெற்றுக்கொள்ளும் திட்டம் 2014 முதல் இருக்கிறதே என்று பதில் எழுதுவீர்கள். இருக்கிறது, நல்ல திட்டம்தான், நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு. சுகர் ஏறி இறங்குபவர், புண்ணுக்குக் கட்டு மாற்ற வேண்டியவர் எங்கே போவார்? அந்த வரிசையில் நிற்பவர்கள் அவர்கள்தான். 1960களில் நகரசபையின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பேரக்ஸிலிருந்து சின்னப் பிள்ளைகளாக லாரியில் ஏற்றி இங்கே இறக்கப்பட்டவர்கள், இந்த நகரத்தின் குப்பையை அள்ளியவர்களின் பிள்ளைகள். சிஸ்டரின் அப்பாவும் அப்படிக் குப்பை அள்ளியவர்களில் ஒருவர்.

4. சிஸ்டரின் மகனும் இப்போது அந்த வரிசையில்தான் இருக்கிறான். பெரியம்மா அவனை வீல்சேரில் தள்ளிக்கொண்டு அந்த மேட்டில் ஏறி வருகிறார், அவருக்கும் வயதாகிவிட்டது. வலிப்பு மருந்து ஒரு வேளை தவறினாலும் அவனுக்கு ஆபத்து. எத்தனையோ பேரைக் குளிரில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தவரின் பிள்ளை அதே கேட்டுக்கு வெளியே நனைகிறான், உள்ளே சுவரில் அம்மாவின் படம் மாட்டியிருக்கிறது, பக்கத்தில் 'மக்களே முதலில்' என்று சொல்லும் அரசின் பாத்தோ பெலே பலகையும் மாட்டியிருக்கிறது. ஐயா, இது என்ன நியாயம்? படத்துக்கு ஆணி அடிக்க ஆள் வந்தது, கேட்டைத் திறக்க மட்டும் ஆள் இல்லையா? அவர் பெயரைக் கட்டடத்துக்கு வைப்போம் என்று கூட்டத்தில் பேசினீர்களே, அது எங்களுக்கு அவசரமில்லை. அவர் செய்த வேலையை முதலில் திரும்பக் கொடுங்கள்.

5. கேட்டைத் திறங்கள். அதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

6. அந்த இடத்துக்கு ஒரு சிஸ்டரைப் போடுங்கள். தமிழ் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை, யாராக இருந்தாலும் சரி, வயதானவர்களோடு பொறுமையாகப் பேசுபவராக இருந்தால் போதும். அதுவரைக்கும் முதியோருக்கான அந்த இரண்டு நாளையும் தாழ்வார நாற்காலிகளையுமாவது திரும்பக் கொடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். ஃபைல் எடுத்து அடுக்க எங்கள் பிள்ளைகள் சம்பளமில்லாமல் வரத் தயார், கேட்டுப் பார்த்தோம், வெளியாள் ஃபைலைத் தொடக் கூடாது என்றார்கள், சரி, அது விதி, ஒப்புக்கொள்கிறோம். அப்படியென்றால் தொடக்கூடிய ஆளை அனுப்புங்கள்.

தயவுசெய்து ஐயா, இந்தக் குளிர்காலம் தொடங்கும் முன் இதைச் செய்து கொடுங்கள். ஒரு நாள் காலை ஐந்து மணிக்குத் தாங்களே வந்து பாருங்கள், நாங்கள் அங்கேதான் நின்றுகொண்டிருப்போம். எழுத்தில் பதில் வேண்டும். மறுபடியும் கேட்டுக்கொள்கிறோம், கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வரிசையில் நிற்பவர்கள் சார்பில்,
ஓய்வுபெற்ற தையல் ஃபேக்டரித் தொழிலாளி ஒருவர்
(கையெழுத்துப் பட்டியல் இணைப்பு)