பாடுகிறவர் காதுக்கு என்ன கொடுக்கிறீர்கள்?

மலையகத்து ஒலிப்பதிவுக்கூடக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கண்டி என்று ஊருக்கு ஊர் ஸ்டூடியோ நடத்தும் அண்ணன் தம்பிமாருக்கு,

வணக்கம். நான் சவுண்ட் எஞ்சினியர் இல்லை. பின்பாட்டுக்காரன். ஆர்மோனியமும் வாசிப்பேன். கூத்துக் குழு, கோயில் பஜனைக் குழு, பாட்டு எடுத்து யூடியூபில் போடும் பையன்கள் என்று யார் கூப்பிட்டாலும் கூடவே உங்கள் கூடங்களுக்கு வருகிறவன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நாங்கள். இந்தப் பக்கத்தில் ஹெட்போனுக்குள் என்ன கேட்கிறது என்று உங்களில் பலர் ஒரு தடவைகூட மாட்டிப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். அதனால்தான் இந்த மடல்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அடுத்த மைக் வாங்கும் காசில், அதற்கு முன்னால் இரண்டாவது ஹெட்போன் மிக்ஸுக்கு, அதாவது ஹெட்போனுக்குப் போகும் இன்னொரு தனிச் சத்தக் கலவைக்கு, வழி செய்யுங்கள். எல்லாருக்கும் ஒரே கலவையைக் கொடுத்து, அதையும் உங்கள் ஸ்பீக்கரில் ஓடுவதை அப்படியே பிரித்துவிட்டு, "கேக்குதா? சரி, பாடுங்க" என்று ஆரம்பிப்பதை நிறுத்துங்கள்.

காரணம் எளிது. பாடுகிறவர் காதில் விழுவதற்கு ஏற்பத்தான் தொண்டை நடந்துகொள்கிறது. இசைக்கு அடியில் தன் குரல் அமுங்கிக் கிடந்தால் மனிதர் கத்துவார். கத்தும்போது சுருதி மேலே ஏறும், நாலாவது டேக்கில் தொண்டை கட்டும். தன் குரலே காதை அடைக்கிற மாதிரி இருந்தால் பயந்து குரலை உள்ளே இழுப்பார். சுருதி கீழே தொங்கும். பிறகு நீங்கள் ராத்திரி முழுக்கக் கண் விழித்து, பிட்ச் கரெக்‌ஷன் போட்டு, வரிவரியாக ஒட்டவைக்கிறீர்கள். அந்த வேலையில் பாதி, ஒரு குமிழைத் திருப்பியிருந்தால் மிச்சமாகியிருக்கும்.

நம்ம பக்கத்துப் பாட்டுக்காரர்களைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தாலாட்டும் ஒப்பாரியும் பாடத் தெரிந்த ஓர் அக்கா, ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய தோட்டச் சம்பளத்தை, விட்டுவிட்டு மூன்று பஸ் மாறி உங்களிடம் வருகிறார். வாழ்நாளில் ஹெட்போன் போட்டதில்லை. கொண்டைக்கு மேல் பட்டை நிற்காமல் வழுக்குகிறது. காதுத் தோடு ஹெட்போன் மெத்தைக்கு அடியில் அழுந்தி வலிக்கிறது. தலையை அசைத்தால் ஜிமிக்கி டக் டக் என்று பிளாஸ்டிக்கில் தட்டுகிறது, அது மைக்கிலும் விழுகிறது. அவர் வாய் திறந்து சொல்லமாட்டார். "பரவாயில்லை தம்பி" என்பார். நீங்கள்தான் எழுந்து போய், "அக்கா, தோட்டைக் கழற்றி வச்சிடுங்க, பட்டையைக் கொண்டைக்கு முன்னால தள்ளிக்கலாம்" என்று சொல்ல வேண்டும். நுவரெலியாப் பக்கம் இன்னொரு கூத்து: குளிருக்குப் போட்ட கம்பளிக் குல்லாவைக் கழற்றாமலே அதற்கு மேல் ஹெட்போன் மாட்டுவார்கள். மெத்தை காதோடு படியவில்லை என்றால் அடிச்சத்தம் (பேஸ்) போய்விடும், உள்ளே ஓடுவது வெளியே ஒழுகும். "சத்தம் பத்தலை" என்பார், நீங்கள் ஏற்றுவீர்கள், ஒழுக்கு இன்னும் கூடும். குல்லாவைக் காதுக்கு மேலே மடித்துவிட்டால் போதும்.

பாடும்போது மாட்ட, உள்ளே ஓடும் சத்தத்தை வெளியே அதிகம் விடாத மூடிய வகை ஹெட்போன் வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். சோனி 7506, பெயர்டைனமிக் டிடி 770 மாதிரி. ஆனால் கூடத்தில் நாலு பேர் நின்றால் நாலு விதமான ஹெட்போன் கொடுக்கிறீர்கள். மின்தடை 32 ஓம் உள்ளது ஒன்று, 250 ஓம் உள்ளது ஒன்று. ஒரே ஆம்பில் இரண்டையும் செருகினால் ஒருவருக்குக் காது கிழியும், பக்கத்தில் நிற்பவருக்கு ஈ முனகுகிற மாதிரி கேட்கும். அதிலும் ஆளுக்கொரு வால்யூம் குமிழ் இல்லாத வெறும் ஒய் வயரில் பிரித்துக் கொடுத்தால் கேட்கவே வேண்டாம். பெரிங்கர் எச்ஏ400 போன்ற சின்னப் பெட்டியாவது வைத்தால் நாலு பேரும் தங்கள் சத்தத்தைத் தாங்களே கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் அது எல்லாருக்கும் ஒரே கலவையைத்தான் தரும். நான் கேட்பது அதற்கு அடுத்த படி.

மன்மதன் கதையை ஆடிப்பாடும் காமன் கூத்துப் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாசி மாதம் கூத்து ஆடும் காமன் பொட்டலில் வாத்தியார் எடுத்துக்கொடுப்பார், நாங்கள் பின்னால் வாங்குவோம், தப்புப் பறை எல்லாரையும் தள்ளிக்கொண்டு போகும். பொட்டலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பாடுவோம். வாத்தியார் மூச்சை இழுக்கும்போதே அடுத்த வரி எது என்று தெரிந்துவிடும். ஸ்டூடியோவில் அந்த மூச்சு எனக்குக் கேட்க வேண்டும். பின்பாட்டுக்காரன் காதில் வாத்தியார் குரல்தான் தூக்கலாக இருக்க வேண்டும், அதற்கு அடுத்தபடி ஆர்மோனியச் சுருதி, என் குரல் மெலிசாகக் கேட்டால் போதும். வாத்தியாருக்கோ நேர் எதிர்: அவருக்கு அவர் குரலும் தப்பும் சுருதியும் வேண்டும், எங்கள் குரல் காதில் விழுந்தால் அடுத்த அடியை எடுக்கும்போது குழம்புவார். தப்பு அடிக்கிறவருக்குத் தன் தப்பைக் கொடுக்கவே வேண்டாம், அது ஹெட்போனைத் துளைத்துக்கொண்டு எப்படியும் கேட்கும். பாட்டை மட்டும் கொடுங்கள். இத்தனை பேருக்கும் ஒரே கலவை எப்படிப் பொருந்தும்?

மைக்கையும் கொம்பியூட்டரையும் இணைக்கும் பெட்டியான இண்டர்பேஸில் நாலு அவுட்புட் இருந்தாலே இரண்டு தனி ஸ்டீரியோ மிக்ஸ் வந்துவிடுகிறது. மோனோவாகப் பிரித்தால் நாலு. இரண்டுதான் முடியும் என்றால் ஒன்றை எடுத்துப்பாடுகிறவருக்குத் தனியாகக் கொடுத்துவிட்டு, மற்றதில் எங்கள் எல்லாரையும் போடுங்கள். நாங்கள் சமாளித்துக்கொள்வோம். இன்னொன்று. ஈரக்காற்றில் தப்பின் தோல் தளர்ந்து, வெளியே போய்த் தீயில் காய்ச்சிக்கொண்டு வந்தால், முன்னைவிடச் சத்தம் கூர்மையாக இருக்கும். மைக் கெயினை மட்டும் பார்த்துவிட்டு உட்காராதீர்கள், மற்றவர்கள் காதில் போகும் தப்பையும் ஓர் இழை குறையுங்கள்.

மிக்ஸருக்குள் ஒரு சின்ன விஷயம், இதைச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை, இருந்தாலும் சொல்கிறேன். ஹெட்போனுக்குச் சத்தத்தை அனுப்பும் செண்டை, நீங்கள் ஏற்றி இறக்கும் பேடருக்கு முந்தியதாக, ப்ரீ-பேடராக வையுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் அங்கே எதையோ சரிபார்க்க ஆர்மோனியத்தை இறக்கும்போது, இங்கே பாடிக்கொண்டிருக்கும் மனிதருக்குச் சுருதி காலுக்கடியில் காணாமல் போகிறது. நடுப்பாட்டில் ஒரு டிராக்கை மட்டும் சோலோ போட்டுக் கேட்கும் பழக்கம் உள்ளவர்களும், அது எங்கள் காதையும் சேர்த்து மாற்றுகிறதா என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தாமதம், பாடிய குரல் கொம்பியூட்டருக்குள் போய்த் திரும்பி ஹெட்போனில் பிந்தி விழுவது. இதுதான் எனக்கு உண்மையில் கோபம் வரும் இடம். கொம்பியூட்டர் சத்தத்தைச் சேர்த்து வைத்து அனுப்பும் பபர் 1024 சாம்பிளில் கிடக்கும், 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஒரு வழிக்கே 23 மில்லிசெக்கன்ட். போய்த் திரும்பி வர 46, அதற்கு மேலும் ஆகும். 46 மில்லிசெக்கன்டில் சத்தம் காற்றில் 15 மீட்டருக்கு மேல் போய்விடும். அதாவது தோட்டத்து லய வீட்டு வரிசையின் அந்தக் கோடியில் நின்று யாரோ என் குரலில் பாடுவதைக் கேட்டுக்கொண்டே நான் இந்தக் கோடியில் பாட வேண்டும். தன் குரல் எலும்பு வழியாகத் தாமதமே இல்லாமல் உள்ளே கேட்கும், அதோடு பிந்தி வரும் குரல் மோதும். சில மில்லிசெக்கன்ட் தாமதமே குரலின் நிறத்தைக் கெடுத்து, குழாய்க்குள் பாடுகிற மாதிரி ஆக்கிவிடும். ஒரு கூடத்தில் இதைச் சொன்னபோது, "தாளத்தை ஒழுங்காகப் பிடிங்க ஐயா" என்று பதில் வந்தது. தப்போடு பிறந்து வளர்ந்த மனிதரிடம்!

இண்டர்பேஸில் டைரக்ட் மொனிட்டரிங் என்று ஒரு பொத்தானோ குமிழோ இருக்கும், பாடுகிறவர் குரலை அதன் வழியாக நேராகக் கொடுங்கள். அப்போது கொம்பியூட்டர் வழி வரும் அதே குரலை அடைத்துவிட வேண்டும், இல்லையென்றால் இரட்டைக் குரல் கேட்கும். ரிவர்ப் வேண்டும் என்று கேட்டால் அதை மட்டும் கொம்பியூட்டரிலிருந்து, மூலக்குரல் கலக்காமல் கொடுக்கலாம், எதிரொலி கொஞ்சம் பிந்தி வந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ரிவர்ப் கொடுப்பதில் கஞ்சத்தனம் வேண்டாம், அது பதிவாகப்போவதில்லை. திறந்த மலையில் பாடிப் பழகிய குரலுக்கு, பஞ்சு ஒட்டிய அந்தச் சின்ன அறை மூச்சு முட்டும். அளவுக்கு மீறிக் கொட்டினால் சுருதி பிசகுவது அவருக்கே தெரியாமல் போகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரியாக வைத்தும் குரல் உள்ளீடு இல்லாமல் வெறுமையாகக் கேட்கிறது என்று யாராவது சொன்னால், மைக்கின் கூட்டல் கழித்தலைத் தலைகீழாக்கும் போலாரிட்டி பொத்தானை ஒரு தடவை மாற்றி அமுக்கிக் கேட்கச் சொல்லுங்கள். உங்களுக்கு ஸ்பீக்கரில் எந்த வித்தியாசமும் தெரியாது. அவருக்குத் தலைக்குள் தெரியும்.

தாளம் தவறாமல் இருக்கக் காதில் ஓடவிடும் கிளிக் சத்தம் பற்றி நான் அதிகம் பேசப்போவதில்லை. கூத்துப் பாட்டு போகப் போக வேகம் பிடிக்கும், அதற்குக் கிளிக் போடுவதே தவறு. சினிமாப் பாட்டு பாணியில் செய்யும் பையன்களுக்கு வேண்டுமானால் போடுங்கள், கீச்சென்ற பீப்புக்குப் பதிலாகத் தாளக்கட்டு ஒன்றை லூப்பாக ஓடவிட்டால் ஒழுகினாலும் உறுத்தாது. கடைசி வரியில் குரல் அடங்கும் இடத்தில் அதை நிறுத்திவிடுங்கள்.

ஹெட்போன் சிலருக்கு ஒத்தே வராது. ஒரு காதில் மட்டும் வைத்துக்கொள்வார்கள். அப்படியானால் கழற்றிய பக்கத்துக்குப் போகும் சத்தத்தை அடைத்துவிட்டு, எல்லாவற்றையும் ஒரே காதுக்குத் திருப்புங்கள். அதுவும் முடியாதவருக்கு ஹெட்போனே வேண்டாம். ஒரே மாதிரியான இரண்டு ஸ்பீக்கரை மைக்கிலிருந்து சம தூரத்தில் வைத்து, மோனோவாக ஓடவிட்டு, ஒன்றின் வயரை மட்டும் கூட்டல் கழித்தல் மாற்றிக் கொடுங்கள். மைக் இருக்கும் புள்ளியில் இரண்டும் ஒன்றையொன்று பெருமளவு அழித்துக்கொள்ளும், பாடுகிறவருக்கு இசை கேட்கும். முழுதாக அழியாது. ஆனால் வயதான குரல்களை எடுக்க வருகிறவர்கள் இதை ஒரு தடவை செய்து பாருங்கள். அந்தப் பாட்டிமாரை மறுபடி கூட்டி வர முடியும் என்று நினைக்க வேண்டாம்.

சத்த அளவையும் சொல்லிவிடுகிறேன். 85 டெசிபல் என்றால் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை கேட்கலாம் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். முதலில் குமிழைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் காதில் மாட்டக் கொடுக்க வேண்டும். கழற்றிய ஹெட்போனை மைக் பக்கத்தில் வைத்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போனால் ஊளையிடும், அதை அங்கே ஒரு கொக்கியில் மாட்டச் சொல்லுங்கள்.

டேக் முடிந்ததும் தயவுசெய்து பேசுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் நீங்கள் இரண்டு பேர் தலையை ஆட்டிச் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பது எங்களுக்குத் தெரிகிறது, சத்தம் மட்டும் வருவதில்லை. பாடி முடித்த அக்கா தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறார். எங்கள் ஹெட்போனுக்குப் பேசும் டோக்பேக் பொத்தானை அமுக்கி, "நல்லா இருக்கு அக்கா, கூரையில மழை விழுந்திடுச்சு, அது நின்னதும் இன்னொரு தடவை பாடுவோம்" என்று சொன்னால் போதும். மூடிய ஹெட்போனுக்குள் இருப்பவருக்குத் தகரத்தில் மழை பெய்வதுகூடத் தெரியாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் விளம்பரத்தில் மைக்கின் பெயரைப் பெரிதாகப் போடுகிறீர்கள். அதற்குக் கீழே, எத்தனை தனி ஹெட்போன் மிக்ஸ் கொடுக்க முடியும் என்பதையும் ஒரு வரியில் போடுங்கள். எங்கள் குழு வரும் மாசிக்கு முன்னால் ஒரு பதிவு எடுக்கப் பார்க்கிறது. அந்த வரியைப் பார்த்துத்தான் எந்தக் கூடத்துக்கு வருவது என்று முடிவெடுப்போம்.

இப்படிக்கு,
டிக்கோயாப் பக்கத்துப் பின்பாட்டுக்காரன் ஒருவன்