கராஜ் சுவருக்குச் சீற் அடிக்க முன்

ஸ்காபரோ, கனடா

அன்பான தம்பிக்கு,

நீ அனுப்பின படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கராஜை அறையாக்கி வாடகைக்கு விடுவது நல்ல யோசனைதான். வெள்ளவத்தையில் ஏசி போட்ட அறைக்கு ஆள் வராமல் போகாது. இங்கே பேஸ்மென்ற்றுக்கு, அதாவது நிலத்துக்குக் கீழே இருக்கிற தளத்துக்கு, செய்கிற மாதிரி ஜிப்சம் சீற் (கடதாசி போர்த்திய ஜிப்சம் பலகை) அடித்துப் பூசிவிடலாமோ என்று கேட்டிருந்தாய். அடிக்கலாம். ஆனால் இங்கத்தைய முறையில் பாதியைத்தான் கொழும்பில் அப்படியே செய்யலாம். மற்றப் பாதியைத் தலைகீழாகச் செய்ய வேண்டும்.

முதலில் இங்கத்தைய கதை. ஸ்காபரோவில் எங்கள் ஆக்களின் வீடுகளில் பேஸ்மென்ற் என்றால் அது வீட்டுக்கடனில் ஒரு பங்கைக் கட்டுகிற வாடகை அறை. வேலையாட்களின் கூலி மணிக்கணக்கில் ஏறுவதால், வேலை தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் சனிக்கிழமை காலையில் 4 அடிக்கு 8 அடிச் சீற்றுகளை வானில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். ஆனால் நினைத்தபடி அடிக்க முடியாது. வாடகைக்கு விடுகிற தனிவீடாக மாற்றுவதென்றால் நகரசபையின் அனுமதி வேண்டும். வயர் இழுத்த பிறகு, சீற் அடிக்க முன், பரிசோதகர் வந்து பார்த்து ஓம் என்றால்தான் சுவரை மூடலாம். அவர் வர முன் மூடினால் திரும்பவும் உடைக்க வேண்டியதுதான். இது தலையிடி மாதிரித் தெரிந்தாலும் நல்ல பழக்கம். அங்கே யாரும் வந்து பார்க்காவிட்டாலும் நீயே செய். மூட முன் ஒவ்வொரு சுவரையும் அளவுநாடா தெரியும்படி போனில் படமெடுத்து வை. பிறகு ஒரு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே, தண்ணீர்க் குழாய் எங்கே என்று அந்தப் படம்தான் சொல்லும்.

இங்கே கொங்கிரீட் சுவரிலிருந்து சுமார் ஒரு அங்குலம் தள்ளி மரச்சட்டம் நிற்கும். நிலத்தில் படுகிற கட்டை மருந்தேற்றிய மரம். சட்டங்களுக்கிடையில் குளிரை மறிக்கிற பஞ்சு. அதன் மேல், அறைப் பக்கமாக, 6 மில் (சுமார் 0.15 மில்லிமீற்றர்) தடிப்பான பொலித்தீன். அதற்கு மேல்தான் ஜிப்சம் சீற். பொலித்தீன் ஏன் அறைப் பக்கம்? மாரியில் வெளியே பனி, உள்ளே சூடு. சமையலிலும் குளியலிலும் எழும்புகிற நீராவி வெளிப்பக்கமாகத்தான் போகப் பார்க்கும். அது குளிர்ந்த கொங்கிரீட்டில் பட்டால் தண்ணீராகிவிடும். அதை வழியிலேயே மறிக்கத்தான் பொலித்தீன்.

கொழும்பில் எல்லாம் மறுபக்கம். வெளியே 28 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்று வை. அந்தக் காற்று 24 பாகைக்குக் குளிர்ந்தாலே தண்ணீர் விடத் தொடங்கும். நீ ஏசியை 20இல் வைப்பாய். அப்போது நீராவி வெளியிலிருந்து உள்ளே வரும். அறைப் பக்கம் பொலித்தீன் அடித்திருந்தால் அதன் பின்பக்கத்தில் தண்ணீர் கோத்து, சட்டத்தில் வடிந்து, சீற்றின் அடியில் நிற்கும். முன்னால் பெயின்ற் பளபளவென்று இருக்கும், பின்னால் பூஞ்சணம் கறுப்பாகப் படர்ந்திருக்கும். ஆகவே உள்ளே பொலித்தீன் அடிக்காதே. தடுப்பு வேண்டுமென்றால் வெளிச்சுவரின் வெளிப்பக்கத்தில் நல்ல மழைத்தாங்கு பெயின்ற் அடி. உள்ளே சுவர் மூச்சு விடட்டும். வினைல் சுவர்க்கடதாசியும் பொலித்தீன் மாதிரியேதான் வேலை செய்யும். இப்போது அங்கே எல்லாரும் ஒட்டுகிற பிவிசி பலகையும் அதே கூட்டம். பிவிசிதான் வேண்டுமென்று மச்சாள் பிடிவாதமாக நின்றால், பலகைக்குப் பின்னால் இடைவெளி விட்டு, மேலேயும் கீழேயும் அந்த இடைவெளியை அறைப் பக்கமாகத் திறந்து வை. ஏசி காற்று போய்வந்து அதை உலர்த்தும்.

சீற் வாங்க முன் சுவரைச் சோதித்துப் பார். ஒன்றரை அடிச் சதுரமாக மொத்தப் பொலித்தீன் வெட்டி, நான்கு ஓரமும் இடைவெளி இல்லாமல் ரேப் ஒட்டி, நிலத்திலிருந்து ஒரு அடி உயரத்தில் ஒரு நாள் முழுக்க விடு. ஏசி போடாதே. பொலித்தீனுக்குப் பின்னால், சுவர்ப் பக்கம் நீர்த்துளி இருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் இருந்தால் அது காற்றின் ஈரம். பின்னால் ஈரம் என்றால், மேசன் பாஸ் என்ன சொன்னாலும் சீற் அடிக்காதே. முதலில் வெளிப்பீலியையும் நிலமட்டத்தையும் பார். படத்தில் இடப்பக்கச் சுவரின் அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. எனக்குச் சந்தேகம் அந்தச் சுவரில்தான். மற்ற இரண்டு சுவரும் காய்ந்த கல்லுக்கட்டு என்றால் சீமெந்துப் பூச்சே போதும், காசும் மிச்சம். சீற் வேண்டியது கதவு இருந்த முன்பக்கத்துக்கும், ஈரம் நின்ற பிறகு இடப்பக்கச் சுவருக்கும், குளியலறை பிரிக்கிற இடைச்சுவருக்கும், சீலிங்குக்கும்தான்.

கூரை அஸ்பெஸ்டாஸ் என்று தெரிகிறது. சீலிங் சட்டத்தை அதில் துளைத்துத் தொங்கவிட யாரையும் விடாதே. அறுப்பதும் தேய்ப்பதும் கூடாது. அந்தத் தூசு நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. சட்டத்தைச் சுவரிலிருந்து சுவருக்கு, குறுக்குச் சலாகை போட்டு நிறுத்து.

சட்டத்துக்கு மரம் வேண்டாம். கறையான் ஒரு காரணம், ஈரத்தில் முறுக்குவது இன்னொன்று. நாகமுலாம் பூசிய இரும்புச் சட்டம் எடு. இந்த இடத்தில்தான் அங்கே பலர் பிழை விடுகிறார்கள். படுக்கையாக அடிக்கிற சீற் 8 அடி நீளம், அதாவது 2438 மில்லிமீற்றர். பாஸ் சட்டத்தை 400 மில்லிமீற்றருக்கு ஒன்றாக நிறுத்துவார். ஆறு இடைவெளிக்கு 2400. முதலாவது சீற்றின் ஓரமே சட்டத்தின் நடுவை விட்டு 38 மில்லிமீற்றர் விலகிவிடும். சட்டத்தின் முகமோ 35 மில்லிமீற்றர் அளவில்தான். அடுத்த சீற்றின் ஓரத்துக்குப் பிடிக்க ஒன்றுமில்லை. 8 அடிச் சீற் என்றால் நடுவுக்கு நடு 16 அங்குலம், அதாவது 406. கடையில் சீற்றை அளந்து பார்த்துவிட்டுச் சட்டத்துக்குக் கோடு போடு.

ரீவி, அலுமாரி தொங்குகிற இடங்களுக்குச் சட்டங்களுக்கிடையில் முக்கால் அங்குல மரைன் பிளைவூட் துண்டைப் பொருத்திவிட்டு மூடு. வெறும் சீற்றில் பாரம் தொங்காது. சுவிட்ச் பெட்டிகளின் முகம் சீற்றின் முகத்தோடு மட்டமாக வரவேண்டும். உள்ளே போனால் மூடி ஆடும், வெளியே வந்தால் சீற் வெடிக்கும்.

எந்தச் சீற்? காய்ந்த இடத்துக்கு அரை அங்குல ஜிப்சம், ஈரம் தாங்குகிற பச்சைக் கடதாசி ரகம். குளியலறைப் பக்கத்துக்கும் இடப்பக்கச் சுவரின் கீழ்ப்பாதிக்கும் சீமெந்து நார்ப்பலகை. பச்சை என்பதற்காக அது தண்ணீரில் நிற்கும் என்று நினைக்காதே, ஈரக் காற்றைத் தாங்கும், அவ்வளவுதான். நார்ப்பலகையைக் காபைட் கத்தியால் கீறி முறி. அரைக்கும் மெசினால் அறுத்தால் சிலிக்காத் தூசு அறை முழுக்கப் பறக்கும், முகக்கவசம் கட்டாயம். அதற்கு முன்கூட்டியே துளை போட்டு, தலை பதிய இடம் வெட்டித்தான் ஸ்குரூ. பலகைக்கும் பலகைக்கும் இடையில் 3 மில்லிமீற்றர் விட வேண்டும்.

ஜிப்சம் அடிக்கிற ஒழுங்கு இங்கேயும் அங்கேயும் ஒன்றுதான். முதலில் சீலிங், பிறகு சுவரின் மேல்வரிசை, கடைசியாகக் கீழ்வரிசை. சீற்றைப் படுக்கையாக வை, மூட்டுகள் செங்கல் வரிசை மாதிரி மாறிமாறி வரட்டும். கதவு, யன்னலின் மூலைக்கு நேராக மூட்டு வரக்கூடாது, வந்தால் அங்கேதான் வெடிக்கும். முழுச் சீற்றை வைத்து மூலையை எல் வடிவில் வெட்டு. நிலத்திலிருந்து அரை அங்குலம் தூக்கி அடி. நிலத்தைத் தொட்டால் கழுவுகிற தண்ணீரைச் சீற் மேலே உறிஞ்சும். அந்த இடைவெளியைச் சுவரடிப் பலகை மறைத்துவிடும்.

இரும்புச் சட்டத்துக்கு ஒரு அங்குல நுண்மரை ஸ்குரூ, சீலிங்கில் 12 அங்குலத்துக்கு ஒன்று, சுவரில் 12 முதல் 16க்குள். ஓரத்திலிருந்து குறைந்தது 10 மில்லிமீற்றர் உள்ளே. இங்கே எல்லாரும் பாவிப்பது கறுப்பு ஸ்குரூ. காலி வீதிக்குக் கடற்பக்கம் அது சரிவராது. உப்புக் காற்றில் கறல் பிடித்து, பூச்சுக்கு மேலால் மண்ணிறப் பொட்டுப் பொட்டாகக் கசியும். முலாம் பூசியது கேள். ஸ்குரூவின் தலை கடதாசியைக் கிழிக்காமல் ஒரு சிறு குழியாகப் பதியவேண்டும். கடதாசி கிழிந்தால் அந்த ஸ்குரூ பிடிக்காது. இரண்டு அங்குலம் தள்ளி இன்னொன்று போட்டுவிட்டுக் கிழிந்ததைக் கழற்று.

இனிப் பூச்சு. சீற் அடிப்பது ஒரு நாள் வேலை, பூச்சுத்தான் பொறுமை. இங்கே மாரியில் ஹீற்றர் ஓடுவதால் கலவை வேகமாகக் காய்ந்து சுருங்கி வெடிக்கும். அங்கே பிரச்சினை வேறு. வாளியில் வருகிற தயார்க் கலவை காற்றில் காய்வது, மழை நாளில் மறுநாளும் காயாமல் பச்சையாக இருக்கும். பச்சையின் மேல் அடுத்த பூச்சுப் போட்டால் அது உள்ளே அடைபட்டுப் பிறகு சுருங்கும். ஆகவே முதல் பூச்சுக்குத் தூளாக வருகிற, தண்ணீர் சேர்த்தால் தானே இறுகுகிற கலவை எடு. அது காய்வதால் அல்ல, ஜிப்சம் தண்ணீரோடு சேர்ந்து இறுகுவதால் கடினமாகிறது, மழை அதைத் தடுக்காது. ஒரு தரத்துக்கு அரை வாளிக்கு மேல் கலக்காதே. பழைய கலவை ஒட்டின வாளியில் கலந்தால் நினைத்ததிலும் கெதியாக இறுகிவிடும். தேய்ப்பது கஷ்டம் என்பதால் மெல்லிசாக இழு.

மூட்டில் கலவை பூசி, கடதாசி ரேப்பை வைத்து, 6 அங்குலக் கத்தியால் நடுவிலிருந்து இரண்டு பக்கமும் அழுத்து. ரேப்பின் ஓரத்தால் கொஞ்சம் கலவை பிதுங்கி வரவேண்டும். பிதுங்காத இடத்தில் கீழே கலவை இல்லை, அங்கே பிறகு கொப்புளம் எழும்பும். வலை ரேப் என்றால் இறுகுகிற கலவைதான், தயார்க் கலவையோடு அது வெடிக்கும். இரண்டாவது பூச்சு 10 அங்குலக் கத்தியால், மூன்றாவது 12ஆல், ஒவ்வொன்றும் முன்னதிலும் அகலமாக. சீற்றின் நீள ஓரம் சரிவாக இருப்பதால் மூட்டு அதற்குள் ஒளிந்துவிடும். குறுக்கு ஓரத்தில் சரிவு இல்லை. அங்கே இரண்டு அடி அகலத்துக்காவது பரப்பி இழுக்காவிட்டால் மேடு தெரியும். மூலை ரேப்பின் ஒரு பக்கத்தை இன்று பூசினால் மறுபக்கத்தை நாளைக்குப் பூசு, இல்லையென்றால் கத்தி பச்சைப் பக்கத்தைக் கீறும்.

தேய்த்த பிறகு விளக்கை அணைத்துவிட்டு ஒரு ரோர்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்துப் பார். பகலில் தெரியாத கோடெல்லாம் நிழலாக எழும்பும். அவற்றைத் திருத்திய பிறகு பிரைமர். பிரைமர் இல்லாமல் நேரே பெயின்ற் அடித்தால் பூச்சு ஒரு மாதிரியும் கடதாசி இன்னொரு மாதிரியும் உறிஞ்சி, மூட்டெல்லாம் பட்டை பட்டையாகத் தெரியும். சீமெந்துப் பலகைக்குக் காரம் தாங்குகிற பிரைமர் வேறு. மேலே மங்கல் பெயின்ற் அடி, பளபளப்பு ஒவ்வொரு மேடுபள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும்.

வருகிற பெட்டியில் கறல் பிடிக்காத 6, 10, 12 அங்குலக் கத்திகளும், ஸ்குரூவை அளவோடு பதிக்கிற முனைகள் ஒரு கைப்பிடியும் போடுகிறேன். தூள்க் கலவை அனுப்பமாட்டேன், பாரம், அங்கேயே கிடைக்கும். அம்மாவின் மருந்தும் அதே பெட்டியில்தான். கத்திகள் வருகிறது என்று அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, பெட்டியை அவாதான் முதலில் பிரிப்பா. பொலித்தீன் ஒட்டிப் பார்த்ததும் படம் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத்தான் எத்தனை சீற் என்று கணக்குப் போடலாம்.

அன்புடன்,
அக்கா