சைக்கிள் நிறுத்துமிடத்தையும் ஷவர் அறைகளையும் திறந்துவிடுங்கள்

அனுப்புநர்:
மூன்றாம் மாடி வாடகைதாரர்,
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், கட்டடப் பராமரிப்புப் பிரிவு.

பொருள்: சைக்கிள் நிறுத்துமிடம், ஷவர் அறைகள் பயன்பாட்டுக்கு இல்லாதது குறித்துப் புகார்

ஐயா,

வணக்கம். மூன்றாம் மாடியை நாங்கள் பார்க்க வந்த அன்று உங்கள் ஆட்கள் பெருமையாகக் காட்டியது பேஸ்மென்ட்டில் இருந்த சைக்கிள் ஸ்டாண்டையும் அதை ஒட்டிய மூன்று ஷவர் அறைகளையும்தான். லீட் (LEED) என்ற பசுமைக் கட்டடத் தரமுறையில் தங்கச் சான்றிதழ் வாங்கிய கட்டடம் என்று சொல்லி, அக்கம்பக்கத்தைவிடக் கூடுதல் வாடகை கேட்டீர்கள். மனமுவந்துதான் கொடுத்தோம். இப்போது அந்த ஸ்டாண்டில் டூவீலர்களும் உடைந்த நாற்காலிகளும் நிற்கின்றன. ஷவர் அறைகளில் இரண்டு பூட்டியே கிடக்கின்றன. மூன்றாவதில் பினாயில் கேன்களும் துடைப்பங்களும் இருக்கின்றன, குழாயில் தண்ணீர் வருவதில்லை.

இது பற்றி உங்கள் அலுவலகத்தில் கேட்டபோது, "சான்றிதழ்தான் வாங்கியாச்சே, சைக்கிளில் யார் வருகிறார்கள்?" என்று பதில் வந்தது. இந்தப் பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

லீட் நான்காம் பதிப்பில், சான்றிதழுக்காகச் சேர்க்கும் புள்ளிகளில் சைக்கிள் வசதிக்கு ஒரு புள்ளி உண்டு. அது கட்டாயம் அல்ல, விரும்பினால் எடுத்துக்கொள்ளலாம். நீங்கள் விரும்பித்தான் எடுத்தீர்கள். அலுவலகக் கட்டடம் என்றால் வழக்கமாக வேலைக்கு வருகிறவர்களில் 5 சதவீதம் பேருக்காவது மழை படாத நிறுத்துமிடம் வேண்டும், அதுவும் ஏதாவது ஒரு வாசலிலிருந்து 30 மீட்டருக்குள். பார்வையாளர்களின் சைக்கிளுக்குத் தனி இடம். முதல் 100 பேருக்கு உடை மாற்றும் வசதியோடு ஒரு ஷவர், அதற்கு மேல் ஒவ்வொரு 150 பேருக்கும் இன்னொன்று. நம் கட்டடத்தில் சுமார் 400 பேர் வேலை செய்கிறார்கள். அப்படியானால் 20 சைக்கிளுக்கு இடமும் மூன்று ஷவரும் வேண்டும். வரைபடத்தில் அவ்வளவும் சரியாக இருக்கிறது.

நிறுத்துமிடத்தையும் ஷவரையும் விதி சேர்த்தே கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மத்திகிரிப் பக்கமிருந்து லாரிப் புழுதியில் மிதித்து வரும் பெண், வியர்த்த உடையோடு ஒன்பது மணிக் கூட்டத்தில் உட்கார முடியாது. எங்கள் அலுவலகத்தில் இரண்டு பெண்கள் இதனாலேயே சைக்கிளை விட்டுவிட்டு ஸ்கூட்டி வாங்கினார்கள். காம்பவுண்டுக் கம்பியில் பூட்டி வைத்திருந்த ஒரு இளைஞரின் சைக்கிள் திருடு போனது. அவர் இப்போது ஷேர் ஆட்டோவில் வருகிறார். இப்படி ஒவ்வொருவராக விரட்டிவிட்டு, சைக்கிளில் யார் வருகிறார்கள் என்று கேட்பது நியாயமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தக் கட்டடத்துக்கு அன்றாடம் சைக்கிளில் வருகிறவர்கள் உங்கள் செக்யூரிட்டி ஊழியர்களும் ஹவுஸ்கீப்பிங் அம்மாக்களும்தான். விதியில் சொல்லும் ஆள்கணக்கில் அவர்களும் அடக்கம். இரவு ஷிப்ட் முடித்தவர் குளித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், தரை துடைத்து முடித்தவர் உடை மாற்றிக்கொள்ளலாம். எங்களைவிட அவர்களுக்குத்தான் அந்த அறைகள் அதிகம் தேவை. அவர்கள் உங்களிடம் கேட்கத் தயங்குவார்கள். அதனால் அவர்களுக்காகவும் நானே கேட்கிறேன்.

டூவீலர்களை அவற்றுக்கான இடத்துக்கு மாற்றி, ஸ்டாண்டைக் காலி செய்து கொடுங்கள். ஷவர்களுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுத்து, ஒன்றைப் பெண்களுக்கு ஒதுக்கி, உட்புறத் தாழ்ப்பாளைச் சரிசெய்யுங்கள். துடைப்பம் வைக்க வேறு இடம் பாருங்கள், மாடிப்படிக்குக் கீழே காலியாகத்தான் இருக்கிறது. அப்புறம், காலை முதல் இரவு ஷிப்ட் முடியும் வரை அறைகள் திறந்திருக்க வேண்டும். சாவி மேனேஜரிடம் இருக்கிறது, அவர் லீவு என்ற பேச்சு இனி வரக்கூடாது.

இந்த மாத இறுதிக்குள் எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். செய்ய முடியாது என்றால், இந்த வசதிகளுக்கான பங்கைப் பராமரிப்புக் கட்டணத்தில் கழித்துவிட்டு, நுழைவாயில் பலகையில் இருக்கும் சைக்கிள் படத்தையும் எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடி வாடகைதாரர்